தொட்டிலருகே நிற்கும் சட்டம்



இன்று மாலை நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் பெயர். நாம் கேட்டுப் பெறாதது, நாம் தேர்ந்துகொள்ளாதது, ஆயினும் நம்முடையதென்று சொல்லிக்கொள்ளும் உடைமைகளுக்கெல்லாம் முந்தியது அதுதான். அந்தப் பெயரை இடும் உரிமை யாருக்கு உரியது? பெற்றவர்களுக்கா? பிறந்த குழந்தைக்கா? அல்லது இருவரையும் தன் பிரஜைகள் என்று சொல்லிக்கொள்ளும் அரசாங்கத்துக்கா? இன்ன பெயர் இடலாம், இன்ன பெயர் இடலாகாது என்று சட்டம் செய்துவைத்திருக்கும் நாடுகள் உலகத்தில் பல உண்டு. அச்சட்டங்களைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

நமக்கு இது புதுமையாகத் தோன்றலாம். குழந்தையை நீராட்டித் தொட்டிலில் இட்டு, அத்தையோ தாத்தாவோ குனிந்து, அதன் காதோரம் மூன்று முறை பெயரைச் சொன்னால், நம் வீடுகளில் நாமகரணம் முடிந்தது. நம் நாட்டின் 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் பிறப்பைப் பதியச் சொல்கிறது. பெயரைப் பின்னாலும் எழுதிக்கொள்ள இடந்தருகிறது. ஆனால் இந்தப் பட்டியலிலிருந்துதான் பெயர் வைக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. சொல்லும் வாய்க்கும் கேட்கும் காதுக்கும் நடுவே சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் வந்து நின்று, "இந்தப் பெயர் ஆகாது" என்று சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் பல நாடுகளில் சொல்லுகிறார்கள். ஏன் சொல்லுகிறார்கள் என்பதைத்தான் நாம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் என் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறேன். என் பாட்டியின் தமக்கைக்குத் தவிட்டம்மாள் என்று பெயர். அவருக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகளும் தக்கவில்லை. நான்காவதாக இவர் பிறந்தபோது, குழந்தையை முறத்தில் கிடத்தி வீட்டு வாசலில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாளை வரச்சொல்லி எடுத்துக்கொள்ளச் செய்து, பிறகு அவரிடம் இரண்டு கை தவிட்டைக் கொடுத்து, அதே குழந்தையை விலைக்கு வாங்கிக்கொண்டார்களாம். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையைக் காலன் எதற்குக் கேட்கப்போகிறான் என்பது அக்காலத்துத் தாய்மார்களின் நம்பிக்கை. குப்பம்மாள், குப்புசாமி, பிச்சை, பிச்சைமுத்து என்ற பெயர்களில் பலவும் இப்படி வந்தவைதாம். பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளன்று, "இது என்ன பெயர்? நல்லதாக ஒன்று எழுதிக்கொள்கிறேன்" என்று ஆசிரியர் பேனாவை எடுத்தபோது, என் கொள்ளுப்பாட்டி அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தவிட்டால்தான் ஐயா என் மகள் உயிரோடு நிற்கிறாள்" என்று அழுதுவிட்டாராம். ஆசிரியர் தவிட்டம்மாள் என்றே எழுதினார். அந்தப் பெயரோடு அவர் எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்தார்.

இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, வடதுருவ வட்டத்தை ஒட்டிய ஐஸ்லாந்து தேசத்துக்கு என்னுடன் வாருங்கள்.

ஐஸ்லாந்தின் ஜனத்தொகை 4 லட்சத்தை எட்டவில்லை. நம் ஊர்களில் ஒரு நடுத்தர நகரத்தின் கணக்கு. ஆனால் அந்தச் சிறு ஜனசமூகம் தன் மொழியைக் காப்பதில் காட்டும் சிரத்தை மிகப் பெரிது. அங்கே 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் மூவர் அடங்கிய பெயர்க் குழு ஒன்று ஏற்பட்டது. 1996ஆம் ஆண்டில் அச்சட்டத்தைப் புதுக்கி எழுதினார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் பெயரிட்டாக வேண்டும். இட நினைத்த பெயர் அங்கீகாரம் பெற்ற பதிவேட்டில் இருந்தால் தடையில்லை; இல்லாவிட்டால் குழுவுக்கு விண்ணப்பம் செய்ய வேண்டும். அந்தப் பெயர் ஐஸ்லாந்திய மொழியின் வேற்றுமை உருபை ஏற்குமா, மொழியின் அமைப்புக்கு இசையுமா, அம்மொழியின் எழுத்து முறைப்படி எழுதலாமா, குழந்தைக்கு அவமானம் தேடித் தருமா என்று ஆராய்ந்து குழு தீர்ப்புச் சொல்லும்.

வேற்றுமை உருபை ஏற்பது என்றால் என்ன? மரம் என்ற சொல் உருபேற்கும்போது மரத்தை, மரத்துக்கு என்று உருமாறுவதை நாம் அறிவோம். அதைப்போல் அவர்கள் மொழியில் மனிதர்களின் பெயரும் உள்ளுக்குள்ளேயே மாறுகிறது. கரடி என்று பொருள்படும் ப்யோர்ன் என்பது அங்கே ஆண்களுக்கு வழங்கும் பழைய பெயர். அவனுக்கு ஒன்றைக் கொடுத்தால் பிர்னி என்று ஆகிவிடும். அவனுடையது என்று சொல்லும்போது ப்யார்நர் என்று ஆகிவிடும். இது வெறும் இலக்கணச் சடங்கன்று. அந்நாட்டாரில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோ ஆறாம் வேற்றுமையில் நிறுத்தி, அதனோடு மகன் என்றோ மகள் என்றோ சேர்த்தால், அதுவே பிள்ளையின் இரண்டாம் பெயர். 1980ஆம் ஆண்டில் அந்நாட்டு ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்மணி விக்தீஸ், ஃபின்போகி என்பவரின் மகள். ஆகவே விக்தீஸ் ஃபின்போகாதோத்திர். டெலிபோன் புத்தகத்தில் ஜனாதிபதியும் சரி, மீன்பிடிப்பவரும் சரி, முதற்பெயரின் அகரவரிசையில்தான் இடம்பெற்றார்கள்.

தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பில் தாங்கி நடக்கும் நமக்கு இது நன்றாகப் புரியும். நமக்கும் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. இன்று இடுகிற பெயர் நாளைக்கு இன்னொரு குழந்தையின் பெயரில் ஏறி உட்காரப்போகிறது. அது வேற்றுமை ஏற்காத பெயராய் இருந்தால் அடுத்த தலைமுறையின் பெயரே கோணிவிடும் என்பது அவர்களுடைய அச்சம். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். மொழிமேல் பற்றுள்ள எவரும் மதிப்பார்கள்.

ஆயினும், நண்பர்களே, அந்தச் சட்டத்தின் முன்னே ஒரு பெண் குழந்தை வந்து நின்றபோது என்ன நடந்தது?

ஐஸ்லாந்தில் ஒரு தாய் தன் மகளுக்கு ப்ளைர் என்று பெயரிட்டார். இளங்காற்று என்று பொருள். நம் மொழியில் சொன்னால் தென்றல். 1955ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற அந்நாட்டு நாவலாசிரியர் ஹால்டோர் லாக்ஸ்னெஸ், 1957இல் வெளிவந்த தம் நாவல் ஒன்றில் ஒரு பெண் பாத்திரத்துக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார். பாதிரியார் ஞானஸ்நானமும் செய்துவைத்தார். பிறகுதான் பதிவேட்டில் அது பெண்பாற் பெயராக இல்லை என்று தெரியவந்தது. குழு மறுத்துவிட்டது. காரணம் என்ன? அந்தச் சொல் அம்மொழியில் ஆண்பாற் சொல். ஆகையால் பெண்ணுக்கு ஆகாது என்றார்கள். அதே பெயர் அதற்கு முன்பே வேறொரு பெண்மணிக்குப் பதிவாகி இருந்ததை எடுத்துக்காட்டியும் பயனில்லை.

நம் இலக்கணத்தில் பால் என்பது பொருளைப் பற்றியது. ஆணாய் இருப்பவன் ஆண்பால், பெண்ணாய் இருப்பவள் பெண்பால், காற்றும் கல்லும் அஃறிணை. அதனால்தான் தென்றல் என்ற பெயரைப் பெண்ணுக்கு வைத்தால் நமக்கு ஒரு சொல்லும் தடுமாறுவதில்லை. அவர்கள் மொழியில் காற்றுக்கும் பால் உண்டு, கல்லுக்கும் பால் உண்டு. அந்தப் பால் ஒரு குழந்தையின் தலையில் வந்து விழுந்தது. சர்க்கார் தஸ்தாவேஜுகளில் அவள் பெயர் இருந்த இடத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ஸ்டூல்கா என்று எழுதினார்கள். ஸ்டூல்கா என்றால் சிறுமி. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அன்று. பதினைந்து வயது வரை, சொந்த வீட்டிலே தென்றலாகவும் சொந்த நாட்டின் பதிவேட்டிலே வெறும் சிறுமியாகவும் அவள் வளர்ந்தாள்.

அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. வழக்குத் தொடுத்தாள். 2013ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி ரெய்க்யாவிக் நகர நியாயஸ்தலம், தன் பெயரைத் தாங்கும் உரிமை அவளுடைய சொந்த வாழ்வைச் சேர்ந்த உரிமை, மொழியைக் காக்கும் நோக்கம் அதைவிடப் பாரமானது அன்று என்று தீர்ப்பளித்தது. அரசாங்கம் மேல்முறையீடு செய்யவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 2019இல், பெயருக்கு ஆண்பால் பெண்பால் என்ற வேலியையே அந்நாடு சட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. வேற்றுமை விதி அப்படியே இருக்கிறது, குழுவும் இருக்கிறது, மொழியும் வாழ்கிறது.

மொழியைக் காக்கச் சட்டம்தான் வேண்டுமா என்று இந்த இடத்தில் கேட்கத் தோன்றுகிறது. லக்ஷ்மணனை இலக்குவன் ஆக்கவும் விபீஷணனை வீடணன் ஆக்கவும் கம்பருக்கு எந்தக் குழு ஆணையிட்டது? வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொள்ள அடிகளாரை எந்த அதிகாரி வற்புறுத்தினார்? அவர்களைப் பார்த்து ஆயிரக்கணக்கான பெற்றோர் தம் மக்களுக்குத் தமிழ்ப் பெயர் இட்டார்களே, அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி? அன்பினால் செய்தார்கள். அன்பினால் செய்ததனால்தான் அது நிலைத்தது.

சரி, அப்படியானால் சட்டமே வேண்டாமா? பெற்றவர்கள் எதை வைத்தாலும் வைக்கட்டும் என்று விட்டுவிடலாமா? விட்டுவிடலாகாது என்பதே என் அபிப்பிராயம். 2008ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் நியூ பிளிமத் நகரக் குடும்ப நியாயஸ்தலத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒன்பது வயதுப் பெண் குழந்தை. பெற்றவர்கள் அவளுக்கு இட்டிருந்த பெயர், "தலூலா டஸ் த ஹூலா ஃப்ரம் ஹவாயி". ஹவாயித் தீவின் ஹூலா நடனம் ஆடும் தலூலா என்று ஒரு முழு வாக்கியமே பெயராய் இருந்தது. அந்தக் குழந்தை தன் பெயரைத் தோழிகளிடம் சொல்ல வெட்கப்பட்டு, ஓர் எழுத்தை மட்டும் சொல்லித் தன்னை அழைக்கச் சொல்லி இருந்தாளாம். ஒன்பது வயதுக் குழந்தை தன் பெயரை மறைத்து வைத்துக்கொண்டு திரிவதென்றால் அது எவ்வளவு பெரிய பாரம்! நீதிபதி, பெயர் மாற்றம் நடந்தேறுவதற்காகவே, அக்குழந்தையைத் தாற்காலிகமாக நியாயஸ்தலத்தின் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார். அந்த நீதிபதியை நான் மனமார வாழ்த்துகிறேன். அங்கே சட்டம் குழந்தையின் முகத்தைப் பார்த்தது.

ஆனால் எத்தனை இடங்களில் சட்டம் குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் அரசாங்கத்தின் முகத்தையே பார்த்திருக்கிறது! பிரெஞ்சு தேசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகா புரட்சியின்போது ஜனங்கள் உற்சாகத்தில் எதை எதையோ பெயராக வைத்தார்கள் என்பதனால், நெப்போலியன் முதல் கான்சலாய் இருந்த 1803ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. பஞ்சாங்கங்களில் வழங்கும் பெயர்களும், புராதன சரித்திரத்தில் அறியப்பட்ட மனிதர்களின் பெயர்களுமே பதிவுக்கு உரியவை என்றது அது. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுக் காலம் அது நின்றது. யார் அடிபட்டார்கள்? மேற்குக் கடலோரத்தில் பிரெத்தோன் மொழி பேசும் மக்கள் அடிபட்டார்கள். தம் முன்னோர் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டால் பதிய மறுத்தார்கள். பதிவில்லாத பிள்ளைக்குச் சட்டத்தின் கண்ணில் பிறப்பே இல்லை; பிறப்பில்லாத பிள்ளைக்கு அரசாங்கத்தின் உதவித் தொகை எங்கிருந்து வரும்? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் பிரெத்தோன் பெற்றோர் வருஷக்கணக்காக நியாயஸ்தலப் படிகளில் ஏறி இறங்கினார்கள். 1966இல் விதியைச் சற்றுத் தளர்த்தினார்கள். 1993இல்தான் பெற்றோர்க்குச் சுதந்திரம் வந்தது. குழந்தையின் நலத்துக்கு விரோதமான பெயர் என்று பதிவாளர் கருதினால் விஷயம் நீதிபதியிடம் போக வேண்டும் என்பது இன்றைய ஏற்பாடு.

அதற்குப் பிறகும் வழக்கு ஓயவில்லை. 2017ஆம் ஆண்டில் ஃபான்ஷ் என்ற பிரெத்தோன் பெயரை ஒரு குழந்தைக்கு இட்டார்கள். அந்தப் பெயரில் ஓர் எழுத்தின் தலைமேல் சிறிய அலைக்கோடு ஒன்று வரும். அந்தக் கோடு பிரெஞ்சு எழுத்தைச் சேர்ந்ததன்று என்று கெம்பேர் நகர நியாயஸ்தலம் அதை அனுமதிக்க மறுத்தது. 2018 நவம்பரில் ரென் நகர மேல் நியாயஸ்தலம் அனுமதித்தது. ஒரு புள்ளி வைத்தால் மெய், எடுத்தால் உயிர்மெய் என்று எழுதும் நமக்கு, எழுத்தின் தலையில் உள்ள ஒரு சிறு குறி எவ்வளவு முக்கியம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரெஞ்சுச் சட்டத்தின் நிழல் நம் மண்ணிலும் விழுந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் தேதிய ஆணை ஒன்றினால், பிரெஞ்சிந்தியாவில் வாழ்ந்தவர்கள் தம் சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கலாம் என்று ஆயிற்று. ஏற்பவர்கள் தமக்கும் தம் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும். குடும்பப் பெயர் என்பதையே அறியாத தமிழர்கள், கையெழுத்திட்ட அந்த ஒரு நாளில், பிறக்காத பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பெயர் தேட வேண்டியதாயிற்று. இப்படிச் சொந்தச் சட்டத்தைத் துறக்கும் இயக்கத்தில் முன்நின்ற வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை, லபோர்த் என்பதைத் தேர்ந்தார். சாதிக் கட்டுகளிலிருந்து விடுதலை என்று கருதி மனமுவந்து அதைச் செய்தவர்கள் பலர். ஆகையால் அதை நான் குறைகூற மாட்டேன். புதுச்சேரித் தெருக்களில் இன்றும் பிரெஞ்சுக் குடும்பப் பெயரோடு தமிழ் பேசும் குடும்பங்களைப் பார்க்கும்போது, ஒரு சட்டத்தின் ஆயுள் எவ்வளவு நீளம் என்று நினைத்துக்கொள்வேன்.

இனி நான் சொல்லப்போவது கொடிய விஷயம், சுருக்கமாகவே சொல்லுகிறேன். 1938ஆம் ஆண்டு மே மாதம், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, பிராங்கோவின் ஸ்பெயின் பாஸ்க் மொழிப் பெயர்களுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி ஹிட்லரின் ஜெர்மனி ஓர் ஆணை பிறப்பித்தது: சர்க்கார் பட்டியலில் உள்ள யூதப் பெயர் இல்லாத யூதர்கள், 1939 ஜனவரி முதல் தேதியிலிருந்து, ஆணாயின் இஸ்ரேல் என்றும் பெண்ணாயின் சாரா என்றும் தம் பெயரோடு சேர்த்து எழுத வேண்டும். சாரா என்பது அவர்களுடைய ஆதித்தாயின் பெயர். இஸ்ரேல் என்பது அவர்களுடைய மூதாதையின் பெயர். அவர்கள் பூஜித்த பெயர்களையே எடுத்து அவர்கள்மேல் முத்திரையாகக் குத்தினார்கள். யாரைப் பிடிப்பது, யாரை ஏற்றி அனுப்புவது என்று பின்னால் வந்தவர்கள் தேடியபோது, பெயரே அடையாளம் காட்டிக் கொடுத்தது. பல்கேரியாவில் 1984ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, லட்சக்கணக்கான துருக்கியரின் பெயர்களைப் பலவந்தமாக மாற்றினார்கள். 1989இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு எல்லை தாண்டிப் போனார்கள். பெயர் போன பிறகு ஊரில் என்ன இருக்கிறது?

அதே ஜெர்மனியில் எழுபது ஆண்டுகள் கழித்து நடந்ததையும் கேளுங்கள். இந்திய வம்சத்துத் தந்தை ஒருவரும் தாயும் தம் மகளுக்குக் கிரண் என்று பெயரிட்டார்கள். ஒளிக்கதிர், நம் நூல்களில் கிரணம் என்று வழங்கும் சொல்தான். நம் நாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்பெயர் உண்டு. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை, தெளிவாகப் பெண் என்று காட்டும் இன்னொரு பெயரைக் கூடச் சேர்க்க வேண்டும் என்று பதிவு அலுவலகம் சொல்லிற்று. பெற்றவர்கள் இசையவில்லை. கூடுதலாக ஒரு பெயரைக் கட்டாயமாய்ச் சேர்க்கச் சொன்ன அந்தத் தேசத்தின் பழைய சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, இந்த மறுப்பின் கனம் தெரியும். வழக்கு படிப்படியாக ஏறி, கார்ல்ஸ்ரூஹே நகரில் உள்ள அரசியல் சாசன நியாயஸ்தலத்தை அடைந்தது. 2008ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி வந்த தீர்ப்பு, பெயர் பாலைக் காட்டியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, குழந்தையின் நலத்துக்குக் கேடு வரும்போது மட்டுமே அரசாங்கம் குறுக்கிடலாம் என்று சொல்லிற்று. கிரண் கிரணாகவே இருந்தாள்.

குழந்தையின் நலம் என்ற அந்த ஒரு சொல்லை நான் இறுகப் பற்றிக்கொள்கிறேன். ஆனால் நலம் எது என்பதை யார் அறிவார்? மேஜைக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவர் அறிவாரா? தவிட்டம்மாள் என்ற பெயரைக் கேட்டு முகம் சுளித்த ஆசிரியர் நல்லவர். ஆனால் அவருக்கு அந்த முறமும் தெரியாது, அந்த வாசலும் தெரியாது. அவர் கையில் ஒரு பட்டியல் இருந்திருந்தால், தாய் உயிர் கொடுத்து வாங்கிய பெயரை ஒரே கோட்டில் அடித்திருப்பார். அதே சமயம், மேல்பார்வைக்கு அதனோடு ஒத்த வேறு பெயர்களும் நம்மிடையே உண்டு. போதும்பொண்ணு என்கிறோம், வேண்டாம் என்றே பெண்ணுக்குப் பெயரிட்ட ஊர்களும் தமிழ்நாட்டில் உண்டு. அடுத்தது ஆணாகப் பிறக்கட்டும் என்று வேண்டி, பிறந்த பெண்ணுக்கு இடும் பெயர் அது. தவிட்டம்மாள் என்ற பெயர் சாவே போ என்றது; வேண்டாம் என்ற பெயர் குழந்தையே போ என்கிறது. எழுத்தளவில் இரண்டும் தாழ்ந்த பெயர்கள்; சுமக்கிறவளுக்கு இரண்டும் ஒன்றாகுமா? பட்டியலுக்கு இந்தப் பேதம் தெரியாது. சுமக்கிறவளைக் கேட்டால் தெரியும். பெயர்ச் சட்டம் செய்கிறவர்கள் பெற்றோரையும் அதிகாரிகளையும் கேட்டார்களே தவிர, பெயரைச் சுமக்கப்போகிறவர்கள் வாய் திறக்கும் வயது வந்ததும் அவர்களைக் கேட்க எத்தனை நாடுகளில் வழிசெய்திருக்கிறார்கள்? எளிதாக, செலவில்லாமல், யாரும் ஏளனமாகப் பாராமல் ஒருவர் தம் பெயரை மாற்றிக்கொள்ள வழி இருக்குமானால், தொட்டிலருகே சட்டம் இவ்வளவு நேரம் நிற்கவேண்டிய அவசியமே இல்லை.

மகாராஷ்டிரத்தில் ஸதாரா ஜில்லாவில் நகுஷா, நகுஷி என்று பெயரிடப்பட்ட பெண் குழந்தைகள் பலர் இருந்தார்கள். மராத்தியில் அதற்கும் வேண்டாதவள் என்பதே பொருள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது தினந்தோறும் காலையில், வேண்டாதவளே என்று கூப்பிட, அந்தப் பெண் எழுந்து, ஆம், இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்த ஜில்லா அதிகாரிகள் ஒரு விழா ஏற்பாடு செய்தார்கள். சட்டம் எதையும் தடை செய்யவில்லை; யாருக்கும் அபராதம் போடவில்லை. உனக்கு என்ன பெயர் வேண்டும் அம்மா என்று அந்தப் பெண்களைக் கேட்டார்கள். 200க்கும் மேற்பட்ட பெண்கள் தலைவாரிப் பின்னி, நாடா கட்டி, தங்களிடம் இருந்ததில் நல்ல உடையாக உடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சிலர் தேவியரின் பெயரைக் கேட்டார்கள். சிலர் திரைத் தாரகையரின் பெயரைக் கேட்டார்கள். ஒவ்வொருத்தியாக மேடைக்கு அழைத்து, அவள் கேட்ட பெயர் எழுதிய சான்றிதழையும் ஒரு சிறு பூங்கொத்தையும் அவள் கையில் கொடுத்தார்கள்.